ஆட்டிசம் குறித்த ஆசிரியர் பயிற்சியின் சொல்லாட்சி: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் உடைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் பணித்திறன் மேம்பாடு குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் பயிற்சியின் அளவைப் பற்றியே பேசுகின்றனர். எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர், எத்தனை நாள்கள் பெற்றனர் என்ற கணக்கே முன்நிற்கிறது. அப்பயிற்சி எந்தச் சொற்களில் நடைபெறுகிறது என்ற வினா எழுவதில்லை. தமிழில் ஆட்டிசத்தைக் குறிக்க வழங்கும் பெயர்கள் உளமருத்துவம் கைவிட்டுவிட்ட கருத்துகளைத் தம்முள் கொண்டுள்ளன என்பதையும், மொழிபெயர்த்து வழங்கப்படும் அறிகுறிப் பட்டியல்கள் தமிழ்ப் பேச்சின் இயல்போடு பொருந்தவில்லை என்பதையும், இவ்விரு பிழைகளையும் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இன்றைய பயிற்சி அமைப்பில் இல்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: ஆட்டிசம், உள்ளடக்கிய கல்வி, பணியிடைப் பயிற்சி, கலைச்சொல்லாக்கம், எதிரொலிப் பேச்சு, வகுப்பறைத் தமிழ்.

முன்னுரை

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக விரித்து, ஆட்டிச நிறமாலையை அவற்றுள் ஒன்றாக அமைத்தது. இதன் பயனாக, அண்மைப் பள்ளியில் பிற மாணவர்களோடு அமர்ந்து கற்பது ஆட்டிசம் உடைய குழந்தையின் உரிமையாயிற்று. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வரும் இடம் ஒரு வகுப்பறை. அங்கு நிற்பவர் பொதுக்கல்வி ஆசிரியர். அவர் அந்தக் குழந்தையை எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே உரிமை பொருள் பெறுகிறது.

அவ்வாசிரியருக்கு ஆட்டிசம் முதன்முதலில் அறிமுகமாவது பெரும்பாலும் ஒரு சொல்லாகவே ஆகும். பயிற்சிக் கையேட்டிலோ சுற்றறிக்கையிலோ அச்சொல்லை அவர் எதிர்கொள்கிறார். குழந்தையைக் காண்பதற்கு முன்பே சொல்லைக் கண்டுவிடுகிறார். ஆகவே, பயிற்சியின் தரத்தை ஆராய்பவர் அச்சொல்லையும் ஆராய்தல் வேண்டும். இக்கட்டுரை கள ஆய்வு அன்று. கலைச்சொற்கள், சட்ட வரையறைகள், பயிற்சி அமைப்பு ஆகியவற்றை மொழி நோக்கில் திறனாயும் முயற்சியாகும்.

பெயரும் பெயர்க்காரணமும்

தமிழிலக்கணம் பெயரை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுக்கும். கலைச்சொல்லாக்கத்தில் தமிழறிஞர்கள் பெரிதும் விரும்பியது காரணப்பெயர்களையே. சொல்லைக் கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும் என்பது அவர்களது நோக்கம். பொருளின் இயல்பு ஐயமின்றித் தெரிந்த துறைகளில் இந்நோக்கம் நற்பயன் தந்துள்ளது. காரணமே தெளிவுபடாத ஒன்றுக்குக் காரணப்பெயர் இடும்போது சிக்கல் தோன்றுகிறது. பெயரிட்ட காலத்துக் கருத்து பெயருக்குள் உறைந்துவிடுகிறது. கருத்து மாறிய பின்னும் பெயர் மாறுவதில்லை.

ஆட்டிசத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, 'தற்புனைவு ஆழ்வு'. தானே புனைந்துகொண்ட உலகில் ஆழ்ந்திருத்தல் என்பது இதன் பொருள். சுவிட்சர்லாந்து உளமருத்துவர் ஆய்கென் பிளாய்லர் 1911இல் வெளியிட்ட நூலில் 'ஆட்டிசம்' என்ற சொல்லை ஆண்ட பொருள் ஏறத்தாழ இதுவே. ஆனால் அவர் அதனைக் குழந்தைகளைக் குறித்து ஆளவில்லை. மனச்சிதைவு நோயுற்றோர் நடப்புலகிலிருந்து விலகி அகவுலகில் வாழ்வதைக் குறித்தார். 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதே சொல் வேறொரு நிலைக்குப் பெயராயிற்று. ஆகத் தமிழ்ச்சொல் மொழிபெயர்ப்பு என்ற அளவில் பிழையற்றது. ஆனால் அது மொழிபெயர்த்திருப்பது இன்றைய ஆட்டிசத்தை அன்று.

இரண்டாவது, தமிழக அரசின் வழக்கில் உள்ள 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற தொடர். இது எதிர்மறை கொண்டு அமைந்த பெயர். ஒருவரிடம் இல்லாததைச் சொல்லி அவரைச் சுட்டுகிறது. மேலும், அது சொல்லும் செய்தியும் பொருந்தவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டு நூல், ஒலி, ஒளி, தொடுகை, மணம் முதலிய புலனுணர்வுகளுக்கு மிகுதியாகவோ குறைவாகவோ எதிர்வினையாற்றுவதை ஆட்டிசத்தின் அளவுகோல்களுள் ஒன்றாகச் சேர்த்தது. மின்விசிறியின் ஓசையும் மதிய உணவுக்கூடத்தின் மணமும் தாங்க இயலாத அளவுக்கு உறைக்கும் குழந்தையைப் புற உலகச் சிந்தனையற்றது என்று அழைப்பது முரண். அக்குழந்தையின் இடர்ப்பாடு, புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுவதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, 'மதியிறுக்கம்' அல்லது 'மன இறுக்கம்'. இதழ்களிலும் மேடைகளிலும் பெருவழக்காக உள்ளது இதுவே. ஆனால் அன்றாடத் தமிழில் மன இறுக்கம் என்பது கவலையாலும் பணிச்சுமையாலும் எவர்க்கும் வருவது, ஓய்வெடுத்தால் தளர்வது. எனவே, இப்பெயர் கேட்பவரிடத்து 'இறுகியதைத் தளர்த்திவிடலாம்' என்ற எண்ணத்தை எழுப்புகிறது. இறுக்கியவர் யார் என்ற வினாவும் உடன் எழுகிறது. இந்த வினாவுக்கு உளமருத்துவ வரலாற்றில் கொடிய விடை ஒன்று தரப்பட்டது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல், அன்பற்ற தாயே காரணம் என்னும் கருத்தைப் பரப்பியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பெர்னார்டு ரிம்லாண்டு ஆட்டிசம் நரம்பியல் சார்ந்தது என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். பின்வந்த ஆய்வுகள் தாயைப் பழிக்கும் கருத்தை முற்றாக விலக்கின. எனினும், 'வீட்டில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லையா?' என்று தாயிடம் ஆசிரியர் கேட்கும் கேள்வி இன்றும் ஓயவில்லை. அதற்கு இப்பெயர் இடமளிக்கிறது என்பது எண்ணத்தக்கது.

இந்நோக்கில் 'ஆட்டிசம்' என்ற கடன்சொல்லுக்கு ஒரு தகுதி உண்டு. கிரேக்கத்தில் அது 'தான்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த காரணப்பெயர். தமிழ் ஆசிரியரின் செவிக்கோ அது வெறும் இடுகுறி. அது எக்காரணத்தையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தையைப் பார்த்தபின் பொருளை நிரப்பிக்கொள்ள இடம் விடுகிறது. யெஸ். பாலபாரதி முதலியோர் பெற்றோருக்காகத் தமிழில் எழுதிய நூல்கள் இச்சொல்லையே ஆண்டமை கருதத்தக்கது. தனித்தமிழ்ப் பற்றுடையோர்க்கு இது உவப்பாக இராது. ஆயினும், தவறான காரணத்தைச் சொல்லும் தமிழ்ப்பெயரைக் காட்டிலும், எக்காரணமும் சொல்லாத கடன்பெயர் குழந்தைக்குத் தீங்கு குறைவாகச் செய்யும்.

சட்ட வரையறைகள் ஆசிரியருக்குத் தருவன

பெயருக்கு அடுத்து ஆசிரியர் காண்பது வரையறை. 1999ஆம் ஆண்டுச் சட்டம், திறன்கள் சீரற்ற நிலையில் வளர்ந்திருத்தலை ஆட்டிசத்தின் அடிப்படையாகக் கொண்டு, அது தொடர்பாடலையும் சமூகத் திறன்களையும் முதன்மையாகப் பாதிக்கிறது என்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், அது முதல் மூன்றாண்டுகளுக்குள் பொதுவாக வெளிப்படும் நரம்பு வளர்ச்சி நிலை என்றும், தொடர்பாடலையும் உறவுகளைப் புரிந்துகொள்வதையும் பாதிப்பது என்றும், வழக்கத்திற்கு மாறான நடத்தைகளோடு அடிக்கடி சேர்ந்து வருவது என்றும் கூறுகிறது.

மருத்துவ நோக்கில் பின்னது நுட்பமானது. கற்பித்தல் நோக்கில் முன்னதே பயனுடையது. 'திறன்கள் சீரற்று வளர்ந்திருத்தல்' என்பது ஆசிரியர் செயலாற்றுவதற்குரிய செய்தி. ஒரு குழந்தை நான்காம் வகுப்புக் கணக்கைச் செய்யும். ஆனால் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்க இயலாது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கக்கூடாது என்பதை அவ்வரையறை கற்பிக்கிறது. புதிய வரையறையில் இந்தச் செய்தி மறைந்துவிட்டது. புலனுணர்வு வேறுபாடு இரண்டிலும் இடம்பெறவில்லை.

மேலும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை ஆட்டிச நிறமாலையை அறிவுசார் குறைபாடு என்னும் தலைப்பின் கீழ் ஒரு பிரிவாக வைத்துள்ளது. ஆட்டிசம் உடையவர்களுள் அறிவுசார் குறைபாடும் உடையோர் உள்ளனர், இல்லாதோரும் உள்ளனர். தலைப்பு இவ்வேறுபாட்டை அழிக்கிறது. இதன் தொடர்ச்சியைப் பதினேழாம் பிரிவில் காணலாம். ஆசிரியர்களைப் பயிற்றிப் பணியமர்த்துவது பற்றிக் கூறும் அப்பிரிவு, சைகைமொழி, பிரெயில், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்குக் கற்பித்தல் ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆட்டிசத்தைத் தனியே சுட்டவில்லை. அட்டவணையின்படி அது முன்னரே அறிவுசார் குறைபாட்டுக்குள் அடங்கிவிட்டது போலும். ஆனால் பாடத்தை எளிமையாக்கித் தருவது ஒரு கற்பித்தல் முறை; பாடச் சூழலின் குழப்பத்தை நீக்கித் தருவது வேறொரு முறை. ஆட்டிசம் உடைய பல மாணவர்களுக்குத் தேவைப்படுவது பின்னதே.

பயிற்சியின் அமைப்பு

தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் கல்வியியல் பட்டப்படிப்பை ஈராண்டாக்கின. உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல் என்னும் பாடம் அதில் அரைத்தாள் அளவில் அமைந்தது. எல்லா வகைக் குறைபாடுகளும், சாதி, பாலினம் முதலிய விலக்கங்களும் அவ்வரைத்தாளுக்குள் பங்கு பெற வேண்டும். ஆட்டிசத்திற்குக் கிடைப்பது ஓரிரு பக்கங்கள். பணியில் சேர்ந்த பின், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாட்டை எதிர்பார்க்கிறது. அந்நேரத்துள் ஆட்டிசத்திற்கெனத் தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை. 2019இல் தொடங்கப்பட்ட நிஷ்தா திட்டம் சுமார் 42 இலட்சம் தொடக்கக்கல்வி ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் இலக்காகக் கொண்டது. இத்தகைய பேரளவுத் திட்டங்களில் கருத்தாளர் பயிற்சி பெற்று, அவர் பிறருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் மற்றவர்க்குத் தரும் படிநிலை முறை பின்பற்றப்படுகிறது.

படிநிலை முறையில் எது குறையாமல் கீழே வந்து சேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். செய்துகாட்டல் ஒவ்வொரு படியிலும் தேய்கிறது. ஐயம் கேட்டுத் தெளிதலும் தேய்கிறது. சொற்களும் பட்டியல்களும் மட்டுமே தேயாமல் வந்து சேர்கின்றன. பயிற்சி எந்த அளவுக்கு மெலிகிறதோ அந்த அளவுக்குச் சொல்லின் ஆட்சி வலுக்கிறது. சொல்லாட்சியை ஆராய்வது தமிழாய்வாளரின் தனி விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

மறுபுறம், இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர்களுக்குத் தொடர்கல்வி கட்டாயமாக உள்ளது. ஆனால் அவர்களின் எண்ணிக்கை போதாது. 2021ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், பெருமூளை வாதம் உடைய 8 மாணவர்களுக்கு ஒருவர், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியன உடைய 5 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை இடைக்கால அளவாகச் சுட்ட நேர்ந்தது. தமிழகத்தில் வட்டார வள மையங்களிலிருந்து பள்ளிகளுக்குச் சென்று வரும் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் பணிபுரிகின்றனர். அறிந்தவர் வந்து செல்பவராகவும், நாள்முழுதும் உடனிருப்பவர் அறியாதவராகவும் அமைந்துவிட்ட நிலை இது.

வகுப்பறைத் தமிழும் அறிகுறிப் பட்டியலும்

பயிற்சியில் ஆசிரியர் கையில் எஞ்சுவது அறிகுறிப் பட்டியல் எனில், அப்பட்டியல் தமிழ் பேசும் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்பது அடுத்த வினா. மூன்று சான்றுகளைக் காணலாம்.

முதலாவது, 'நான்', 'நீ' என்னும் பெயர்களை மாற்றிச் சொல்லுதல். கானரே 1943இல் குறித்த இவ்வறிகுறி, இடப்பெயர்களைத் தவறாது வெளிப்படச் சொல்லும் ஆங்கிலத்தில் எளிதில் தென்படும். தமிழ்ப் பேச்சிலோ எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்கும். தாய் 'தண்ணி வேணுமா?' என்று கேட்டுப் பழக்கியிருப்பாள். நீர் வேட்கையுற்ற குழந்தை ஆசிரியரிடம் வந்து 'தண்ணி வேணுமா?' என்று சொல்லும். இங்கே மாறுவதற்கு இடப்பெயரே இல்லை; வினா எழுத்தான 'ஆ' மட்டுமே எஞ்சியுள்ளது. 'எனக்கு வேண்டாம்' என்று விடை கூறி ஆசிரியர் பாடத்தைத் தொடர்ந்தால், குழந்தையின் வேண்டுகோள் மறுக்கப்பட்டதாகிறது. பிறகு எழும் அழுகை 'காரணமற்ற அடம்' எனப் பதிவாகும். தமிழில் இடமாற்றம் வினைவிகுதியில் தேடப்பட வேண்டும். பட்டியலோ இடப்பெயரில் தேடச் சொல்கிறது. இதற்கு மறுதலையாக, 'தம்பிக்குப் பசிக்குது' என்று தன்னைப் படர்க்கையில் சொல்லுதல் தமிழ் வீடுகளில் சிறுகுழந்தைகளின் இயல்பான பேச்சே. அதனை மட்டும் கொண்டு ஐயுறுதல் தகாது.

இரண்டாவது, எதிரொலிப் பேச்சு. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குழந்தையைக் 'கிளிப்பிள்ளை' என்பது நம் வழக்கு. பொருளுணராமல் சொல்கிறது என்பது அதன் உட்கிடை. கானர் 1946இல் எழுதிய கட்டுரையிலேயே, தொடர்பற்றதாகத் தோன்றும் கூற்றுகள் குழந்தையின் முன்னனுபவத்தோடு தொடர்புடையவை என்று காட்டினார். 1980களில் பேரி பிரிசாண்டு முதலியோரின் ஆய்வுகள், எதிரொலிப் பேச்சு வேண்டுதல், மறுத்தல், உடன்படுதல் முதலிய பயன்களுக்கு உதவுவதை விளக்கின. மேற்கண்ட 'தண்ணி வேணுமா?' அத்தகையதே. அதை நிறுத்த முயலும் ஆசிரியர், குழந்தைக்கு இருக்கும் ஒரே பேச்சை நிறுத்துகிறார். 'தண்ணி வேணும்' என்ற வடிவைச் சொல்லிக்காட்டி உடனே நீரைத் தருபவர் பேச்சை வளர்க்கிறார்.

மூன்றாவது, கண்ணைப் பார்த்துப் பேசாமை. மேலைநாட்டுப் பட்டியல்களில் முதன்மை பெறும் இது, பெரியவர் கண்டிக்கும்போது 'எதிர்த்துப் பார்க்காதே' என்று கற்பிக்கும் பண்பாட்டில் எவ்வாறு அளக்கப்படும்? ஒரே வகுப்பறையில் ஒரு குழந்தை தலைகுனிந்தால் பணிவு என்றும், மற்றொரு குழந்தை தலைகுனிந்தால் அறிகுறி என்றும் கொள்ளப்படுகிறது. மேலும், கண்ணைப் பார்த்தால் செவிகொடுக்க இயலவில்லை என்று ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர் தம் அனுபவமாகக் கூறியுள்ளனர். அவ்வாறாயின், கண்ணைப் பார்க்க வைப்பதைக் கற்றல் அடைவாக எழுதிவைப்பது எதற்குப் பயன்படும் என்று கேட்க வேண்டியுள்ளது.

ஆசிரியரின் மொழியும் நோக்கத்தக்கது. 'சும்மா இரு' என்பது நம் வகுப்பறையில் மிகுதியாக ஒலிக்கும் கட்டளை. அது எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. 'வாயில விரல வை' என்றால் சொன்னபடியே விரலை வாய்க்குள் வைக்கும் குழந்தை கீழ்ப்படியாத குழந்தை அன்று. மிகச் சரியாகக் கீழ்ப்படிந்த குழந்தை. ஆசிரியரை 'நீ' என்று விளிக்கும் குழந்தை மரியாதையை மீறவில்லை. மரியாதைப் பன்மை என்னும் சமூக விதி அதற்கு இன்னும் விளங்கவில்லை. இவற்றை விளக்கும் பயிற்சி மொழிபெயர்ப்பால் கிடைக்காது. தமிழிலேயே உருவாக்கப்பட வேண்டும்.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் தனித்து நிற்கும் ஆசிரியருக்கு வேண்டுவது உத்திகளே, சொல்லாராய்ச்சி அன்று என்ற மறுப்பு இங்கு எழக்கூடும். இம்மறுப்பு வலுவானது. சொல்லை மட்டும் மாற்றிப் பயிற்சியை மாற்றாமல் விட்டால் அது பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசுவதாகவே முடியும். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்கில் நிலைபெற்ற பின்னும் சாய்தளம் இல்லாத கட்டடங்கள் இருக்கவே செய்கின்றன.

ஆயினும், உத்தி என்பது புரிதலைச் சார்ந்தது. படவழி நாள்நிரல் ஓர் உத்தி. வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் உருவாக்கிய டீச் முறையில் அது முதன்மையானது. அடுத்து என்ன நிகழும் என்பதைக் கண்ணால் காணச்செய்து பதற்றத்தைக் குறைப்பது அதன் நோக்கம். 'புற உலகச் சிந்தனையற்ற' குழந்தை என்று நம்பும் ஆசிரியர் அந்நிரலைச் சுவரில் ஒட்டுவார். ஆனால் அந்தக் குழந்தை அதைப் பார்க்கும் என்று எதிர்பார்க்கமாட்டார். நிரல் மாறும் நாளில் முன்கூட்டிச் சொல்லவும்மாட்டார். உத்தி கையிலிருந்தும் பயன்படாமற் போவது இவ்வாறுதான்.

பயிற்சி அமையவேண்டிய முறை

பயிலரங்கில் கேட்டது வகுப்பறைக்கு வந்துசேர்வதற்குத் தொடர்ந்த உடனிருப்பு வழிகாட்டல் வேண்டும் என்பதை 1980களிலிருந்து புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் வலியுறுத்தி வந்துள்ளனர். ஆட்டிசம் உடைய மாணவர்களின் ஆசிரியர்களுக்கென லிசா ரூபிளும் உடனாய்வாளர்களும் வகுத்த காம்பஸ் முறை இதற்குச் சான்று. பெற்றோரும் ஆசிரியரும் வழிகாட்டியும் கூடி இலக்குகளை வகுத்து, பின் ஆண்டு முழுவதும் வழிகாட்டல் தொடர்வது அம்முறை. சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகளில், வழிகாட்டல் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் தம் இலக்குகளை மிகுதியாக எட்டினர். இணையவழி வழிகாட்டலும் பயன் தந்தது.

இதனடிப்படையில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். ஒன்று, வட்டார வள மையச் சிறப்பாசிரியரின் வருகையைக் குழந்தைக்கான தனிப்பயிற்சி நேரமாக மட்டும் கொள்ளாமல், வகுப்பாசிரியரோடு உடனிருந்து வகுப்பை நோக்கும் நேரமாகவும் கணக்கிட வேண்டும். அதற்கு அவர் பணிப்பாதுகாப்பு உடையவராக இருத்தல் வேண்டும். இரண்டு, ஆசிரியர்கள் குழந்தையின் கூற்றுகளைக் கேட்டபடியே, பேச்சு வழக்கிலேயே குறித்துவைக்கும் குறிப்பேடு பயிற்சியின் பகுதியாக வேண்டும். அக்குறிப்புகள், குழந்தைகளின் அடையாளம் மறைக்கப்பட்டு மொழியியல் துறைகளுக்கு வருமாயின், தமிழ் பேசும் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி பற்றிய தரவு உருவாகும். மூன்று, ஆட்டிசம் உடைய பெரியவர்களும் பெற்றோரும் பயிற்றுநர்களாக அமர வேண்டும். டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த இருபுறப் புரிதல் இடர் என்னும் கருத்து, புரியாமை ஒருபக்கத்தது அன்று என்கிறது. அவரைப் போலவே ஆட்டிசம் உடையவர்கள் வந்து பேசினாலன்றி ஆசிரியர் தம் பக்கத்துப் புரியாமையைக் காணமாட்டார்.

முடிவுரை

தமிழில் ஆட்டிசத்திற்கு வழங்கும் காரணப்பெயர்கள் இன்றைய அறிவுக்குப் பொருந்தாத காரணங்களைச் சொல்கின்றன. சட்டத்தின் புதிய வரையறை ஆசிரியருக்குப் பயன்படும் பழைய செய்தியை விட்டுவிட்டது. படிநிலைப் பயிற்சி சொற்களை மட்டும் கடத்துகிறது; அச்சொற்களோடு வரும் பட்டியல் தமிழ்ப் பேச்சைக் கணக்கில் கொள்ளவில்லை. இந்நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் ஒன்றை மட்டும் திருத்துவது போதாது.

இப்பணியில் தமிழ்த்துறைகளுக்கும் மொழியியல் துறைகளுக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு. சிறப்புக் கல்வியும் மருத்துவமும் மட்டும் இதனைச் செய்து முடிக்க இயலாது. 'தண்ணி வேணுமா?' என்று ஒரு குழந்தை கேட்கும்போது அது வினா அன்று, வேண்டுகோள் என்று ஆசிரியருக்கு விளக்குவது இலக்கணம் கற்றோரின் கடமையும் ஆகும். அவ்விளக்கம் கிடைக்கும் நாள்வரை அந்தக் குழந்தை நீருக்காகக் காத்திருக்க நேரும்.